ஸ்லீப் டெஸ்ட் எடுத்த இடத்திலேயே சிபாப் மெஷினையும் தலையில் கட்டுகிறார்கள். வாங்கலாமா?

மீசை_ஈரோடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் பெரிசா எழுதறேன், பொறுத்துக்கங்க. சிபாப்னா, தூங்கறப்ப தொண்டை அடைச்சு மூச்சு நிக்காம இருக்க, மாஸ்க் வழியா காத்தை ஊதற மெஷினுங்க.

வயசு 51. கூட்டுறவு சொசைட்டியில வேலை. குறட்டை எங்களுக்குப் பரம்பரைச் சொத்து. எங்கப்பா தூங்கினா பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்துவாங்க. நானும் அப்படியே ஓட்டியிருப்பேன். போன மாசம் பன்னீர்செல்வம் பார்க் சிக்னல்ல வண்டியை நிறுத்தினவன், ரெண்டு காலும் ரோட்டுல ஊனியிருக்க அப்படியே கண்ணசந்துட்டேன். பின்னாடி நின்ன பஸ்காரர் ஹாரன் அடிச்சுத்தான் முழிப்பு. வீட்டுல வந்து சொன்னா, "ராத்திரியில உங்களுக்கு மூச்சே நின்னுருது, எத்தனை நாள் நான் உலுக்கி எழுப்பியிருக்கேன்"னு அன்னைக்குத்தான் சொல்றாங்க. பிரஷருக்கு ரெண்டு மாத்திரை போட்டும் 150க்குக் கீழ இறங்கறதில்ல.

கோயமுத்தூர்ல ஒரு ஸ்லீப் சென்டர், பேர் வேண்டாமுங்க. ஒரு ராத்திரிக்கு 11,000. தலை, கண்ணோரம், தாடை, நெஞ்சு, கால்னு ஒயரை ஒட்டி, நெஞ்சுக்கு ஒரு பெல்ட்டு, வயித்துக்கு ஒரு பெல்ட்டு, விரல்ல கிளிப். கல்யாணத்துக்கு சீரியல் பல்பு கட்டின மரம் மாதிரி படுத்திருந்தேன். எப்படியோ தூங்கிட்டேன்.

காலையில ஆறரை மணி. தலையில பசை கூடக் காயல. டை கட்டின ஒரு தம்பி பையோட உள்ள வந்தாரு. "சார், உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு போகுது. ஏஎச்ஐ, அதாவது மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குது, குறையுதுங்கற கணக்கு, 17. இப்படியே விட்டா தூக்கத்துலயே ஹார்ட் அட்டாக் வரும். மெஷின் போட்டா பிரஷர் மாத்திரையே வேண்டாம். இன்னைக்கே எடுத்தா 78,000, அப்புறம்னா 85,000." டாக்டர் எங்கன்னு கேட்டேன், பதினோரு மணிக்கு வருவாராம். ரிப்போர்ட்டைக் கேட்டேன். "சைன் ஆகணும் சார், மெஷின் எடுக்க வர்றப்ப சேர்த்தே தந்துடறோம்"ங்கறாரு.

எனக்கு வியாதி இல்லைன்னு சொல்லலீங்க. ஆனா வியாதி இருக்குன்னு சொல்ற வாயும் விலை சொல்ற வாயும் ஒண்ணா இருந்தா எப்படி நம்பறது? மூணு கேள்வி: இது சட்டப்படி சரியா? 78,000 நியாயமா? எனக்கு உண்மையிலேயே மெஷின் வேணுமா?

---

ரோசாப்பூ_திண்டுக்கல்

அண்ணே, வாங்காதீங்க. வாங்கினாலும் அன்னைக்கே வாங்காதீங்க.

எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே கதைதான். டெஸ்ட் எடுத்த மறுநாளே 72,000 கட்டி மெஷினும் மூக்கு வாய் ரெண்டையும் மூடுற மாஸ்க்கும் வாங்கிட்டு வந்தோம். முதல் ராத்திரியே மாஸ்க் ஓரமா காத்து புஸ்ஸு புஸ்ஸுன்னு கண்ணுல அடிச்சுது. போன் பண்ணுனா, "பழகிரும்மா". ஒரு வாரத்துல மூக்குத்தண்டு புண்ணாப் போச்சு. மறுபடி போன் பண்ணுனா, வேற மாஸ்க் 6,500, பழசைத் திருப்பி எடுக்க மாட்டோம்னுட்டாங்க. இப்ப மெஷின் பீரோ மேல இருக்கு. எங்க மாமியார் அதுக்கு ஒரு உறை தைச்சுப் போட்டிருக்காங்க, தூசி படக்கூடாதுன்னு. அவரு ஹால்ல சோபாவுல உட்கார்ந்த மேனிக்குத் தூங்குறாரு.

---

ஓய்வு_வாத்தியார்_மதுரை

எல்லாக் கிளினிக்கையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நான் ஐந்தாண்டுகளாகச் சிபாப் பயன்படுத்துகிறேன். வாங்கியது பரிசோதனை செய்த அதே இடத்தில்தான். விலை வெளியில் கேட்டதைவிட ஆறாயிரம் கூடுதல் என்று தெரிந்தேதான் வாங்கினேன்.

காரணம் சொல்கிறேன். வாங்கிய நான்காம் நாள் அங்கிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, "சார், நேற்று இரண்டு மணிக்கே கழற்றிவிட்டீர்களே, என்ன பிரச்சினை?" என்று கேட்டார். மெஷினே இணையம் வழியாகக் கணக்கு அனுப்பிவிடுகிறது. மூக்கு வறண்டுபோகிறது என்றேன். ஈரப்பதத்தைக் கூட்டி, தொடக்க அழுத்தத்தைக் குறைத்துக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் மூன்று மாஸ்க் மாற்றிப் பார்த்தோம், தனிக் காசு வாங்கவில்லை. இணையத்தில் மலிவாக வாங்கிய என் சகலை அட்டைப்பெட்டியோடு என் வீட்டுக்கு வந்து, "இதை எப்படிப் போடுறது?" என்று கேட்டார்.

கண் மருத்துவமனையிலேயே கண்ணாடிக் கடை இருக்கிறது. பல் மருத்துவரேதான் பல் செட்டும் கட்டுகிறார். அங்கெல்லாம் நாம் சண்டை போடுவதில்லையே?

---

மீசை_ஈரோடு

வாத்தியாரையா, உங்க கிளினிக் நம்பர் தனியா அனுப்புங்க. மதுரைன்னாலும் வர்றேன்.

கண்ணாடிக் கடை விசயம் யோசிச்சேனுங்க. அங்க நம்பர் எழுதின சீட்டைக் கையில குடுத்துடறாங்க, எந்தக் கடையிலும் கண்ணாடி போட்டுக்கலாம். எனக்கு அந்தச் சீட்டைத்தான் தர மாட்டேங்கறாங்க.

---

டெக்_தம்பி_சேலம்

நான் ஒன்பது வருசமா ஸ்லீப் டெக்னீசியன். ஒயர் ஒட்டுற ஆளு. இப்ப இருக்கிற இடம் பரவாயில்ல. முன்ன இருந்த இடத்துல நடந்ததைத்தான் சொல்றேன்.

மொதல்ல அந்தக் காலை ஆறரை மணி 17. ஒரு ராத்திரி ரெக்கார்டிங்க முப்பது முப்பது செகண்டா வெட்டித்தான் பார்ப்போம். ஆறு மணி நேரம்னா 720 பக்கம். ஒவ்வொரு பக்கமா இது தூக்கமா முழிப்பா, மூச்சு நின்னுச்சா குறைஞ்சுதா, ஆக்சிஜன் எவ்வளவு எறங்குச்சுன்னு குறிக்கணும். கை பழகின எனக்கே ஒன்றரை, ரெண்டு மணி நேரம் ஆகும். அஞ்சே முக்காலுக்கு எழுப்பி ஆறரைக்கு நம்பர் சொன்னா, அது சாப்ட்வேர் தானா போட்ட கணக்கு. கிட்டத்தட்ட சரியா இருக்கலாம், தப்பாவும் இருக்கலாம். ஒயர் கழண்டதையும் புரண்டு படுத்ததையும் அது சில சமயம் மூச்சு நின்னதா எண்ணிடும்.

ரெண்டாவது, மூச்சு முழுசா நிக்கிறது ஒரு வகை, நிக்காம குறையிறது இன்னொரு வகை. இந்தக் குறைஞ்ச மூச்சை எப்ப கணக்குல சேர்க்கிறதுங்கிறதுக்கு ரெண்டு விதி இருக்கு. ஒரு விதியில ஆக்சிஜன் 3 சதவீதம் எறங்கினாலோ, இல்ல மூளை சில நொடி முழிச்சாலோ எண்ணிக்கலாம். இன்னொண்ணுல 4 சதவீதம் எறங்கியே ஆகணும். அதே ஆளு, அதே ராத்திரி, ஒரு விதியில 17 வர்றது இன்னொண்ணுல 10ன்னு வரலாம். ரெண்டும் பொய் இல்ல. ஆனா 5லேருந்து 15 வரைக்கும் லேசு, 15லேருந்து 30 வரைக்கும் நடுத்தரம், அதுக்கு மேல கடுமைன்னு கோடு போட்டிருக்கிறதால, 15ஐத் தாண்ட வைக்கிற விதிதான் மெஷின் விக்கிறவருக்குப் பிடிக்கும். ரிப்போர்ட்ல எந்த விதின்னு போட்டிருக்கான்னு பாருங்க.

மூணாவது, காசு. பழைய இடத்துல மெஷின் ஒண்ணு போனா எனக்கு 1,500. என் சம்பளம் அப்ப 14,000. மாசம் நாலு மெஷின் போனா வாடகைக்காசு வந்துடும். நானே பொய் எழுதினதில்ல. ஆனா 13 வர்ற ஆளோட ரெக்கார்டிங்ல சந்தேகமா ஒரு இடம் வந்தா, கை எந்தப் பக்கம் சாயும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் வெளிய வந்தேன்.

அண்ணே, உங்க ரிப்போர்ட் வந்ததும் மல்லாந்து படுத்தப்ப எவ்வளவு, ஒருக்களிச்சப்ப எவ்வளவுன்னு தனியா போட்டிருக்கும். அதைப் பாருங்க.

---

தூங்காநகரத்தான்

மதுரைக்காரனா இருந்துட்டு தூக்க வியாதி இழையில என்ன வேலைன்னு கேக்காதீங்க. எங்க ஊர்ல இருக்கிறது தூங்காத வியாதி. சும்மா பாப்கார்னோட உட்கார்ந்திருக்கேன். டெக் தம்பி, தொடரவும்.

---

ஹூஸ்டன்_ஹரி

நான் இங்கே மருத்துவ பில்லிங் துறையில் இருக்கிறேன். மீசை அண்ணன் கேட்டதுபோல "சொல்ற வாயும் விக்கிற வாயும் ஒண்ணா இருக்கலாமா" என்பதை அமெரிக்காவில் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில், 2009 ஜனவரியிலிருந்து, தூக்கப் பரிசோதனையை நடத்தியவரோ அவரோடு தொடர்புள்ள நிறுவனமோ சிபாப் மெஷினை விற்றால் அரசு அந்த மெஷினுக்குப் பணம் தராது. வீட்டுக்குப் பெட்டியைக் கொடுத்தனுப்பிப் பரிசோதித்து, நோய் இருக்கிறது என்று சொல்லி, அவர்களே மெஷினையும் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். ஆனால் டெக்னீசியன் இரவு முழுக்கக் கூட இருந்து லேபில் எடுத்த பரிசோதனைக்கு இதில் விலக்கு உண்டு. அதனால் வேலி முழு வேலி இல்லை. மருத்துவர் தனக்குப் பங்குள்ள உபகரணக் கடைக்கு நோயாளியை அனுப்புவதைத் தடுக்க ஸ்டார்க் சட்டம் தனியாக இருக்கிறது.

இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது. மெடிகேர் மெஷினை முதல் நாளே விலைக்கு வாங்கிவிடாது. 13 மாதம் வாடகை, அதன் பிறகுதான் நோயாளிக்குச் சொந்தம். முதல் மூன்று மாதத்துக்குள், தொடர்ச்சியான ஏதாவது 30 நாளில், 70 சதவீத இரவுகளாவது நான்கு மணி நேரம் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் வாடகை நின்றுவிடும். இந்த நான்கு மணி நேரத்தை வைத்து நோயாளியை மிரட்டும் கடைக்காரர்களும் உண்டு, அது தனிக் கதை. ஆனால் மெஷின் பீரோ மேல் ஏறினால் விற்றவருக்கும் நஷ்டம். ரோசாப்பூ அக்கா வீட்டில் நஷ்டம் முழுவதும் அக்காவுக்கே.

---

ஸ்காபரோ_சிவா

இங்க ஒண்டாரியோவில டெஸ்டுக்குக் காசு இல்லை, ஓஹிப் எண்ட மாகாண மருத்துவக் காப்புறுதிக் காட் இருந்தால் போதும். மெஷினுக்கு ஏடிபி எண்டு மாகாணத் திட்டம் இருக்கு. அவையள் ஒரு விலை நிர்ணயிச்சு வைச்சிருக்கினம், அதில 75 வீதம் அரசாங்கம், மிச்சம் 25 வீதம் நாங்கள் இல்லாட்டி எங்கட இன்சூரன்ஸ். ஏடிபியில பதிஞ்ச எந்தக் கடையிலயும் வாங்கலாம்.

எண்டாலும் நான் போன கிளினிக்கில டொக்டரின்ர அறையால வெளியில வந்தால் நேர எதிர்க் கதவு மெஷின் கடை. ரிசப்ஷன் பிள்ளை என்ர பேப்பரை எனக்குத் தராமல் நேர அங்க குடுத்திட்டா. "நான் வேற இடத்தில வாங்கலாமோ?" எண்டு கேட்டன். "ஓம், தாராளமா" எண்டு சொன்னவ, முகம் மட்டும் சுருங்கிப் போச்சு. விதி இருக்கிற நாட்டிலயும் கதவு எதிர்க்கதான் இருக்கு, நாங்கள்தான் வாயைத் திறந்து கேக்கவேணும்.

---

நெஞ்சு_மருத்துவர்_தேனி

பெயர் வெளியிட விரும்பவில்லை. தேனிப் பக்கம் நுரையீரல் மருத்துவராக இருக்கிறேன். என் கிளினிக்கிலும் மெஷின் கிடைக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு கண்டுபிடித்துத் திட்ட வேண்டாம்.

சட்டம் பற்றி. மருத்துவர்களின் தொழில் நடத்தைக்கு இன்றும் நடைமுறையில் இருப்பது 2002ஆம் ஆண்டு விதிமுறைகள்தாம். 2023 ஆகஸ்டில் புது விதிமுறைகள் வந்தன, அதே மாதத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். 2002 விதிகளில் 6.3, மருத்துவர் மருத்துவ உபகரணங்களை விற்கும் திறந்த கடை நடத்தக் கூடாது என்கிறது. அடுத்த வரியிலேயே, நோயாளியைச் சுரண்டாத வரையில் மருந்தோ உபகரணமோ பரிந்துரைப்பதும் வழங்குவதும் நெறிமீறல் அல்ல என்றும் சொல்கிறது. 6.4, நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. ஆக, கிளினிக்கில் மெஷின் இருப்பதே குற்றம் என்று சொல்ல முடியாது. "சுரண்டல்" எங்கே தொடங்குகிறது என்பதை விதி அளந்து வைக்கவில்லை. ரிப்போர்ட்டைப் பிணையாக வைத்துக்கொள்வதும், "இன்றைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை" என்பதும் என் பார்வையில் கோட்டைத் தாண்டியவை. அதே விதிகளில் 1.3, நோயாளி மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது. அது உள்நோயாளிப் பதிவேடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று வாதிடுவார்கள். இருந்தாலும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் வந்துவிடும்.

அந்த டை கட்டிய தம்பி சொன்ன இரண்டு வாக்கியங்களுக்கு வருகிறேன். பிரஷர் மாத்திரையை நிறுத்தலாம் என்பது பொய். சிபாப் சராசரியாக இரண்டு, மூன்று புள்ளிதான் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். மாத்திரைக்கு அடங்காதவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையலாம். ஹார்ட் அட்டாக் மிரட்டலும் அப்படித்தான். 2016இல் வெளியான சேவ் ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ இருந்த 2,717 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். சிபாப் கொடுத்த பிரிவில் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. சராசரியாக ஓர் இரவுக்கு 3.3 மணி நேரம்தான் போட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அதே ஆய்வில் பகல் தூக்கம் குறைந்தது, குறட்டை குறைந்தது, மனநிலை தேறியது. சிக்னலில் தூங்கியவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மீசை ஐயா, நீங்கள் சிகிச்சை எடுத்தே ஆக வேண்டும். நாளைக் காலைக்குள் எடுக்க வேண்டும் என்பதுதான் இல்லை. அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம், பஸ்ஸில் போங்கள்.

---

ரோசாப்பூ_திண்டுக்கல்

டாக்டர் ஐயா, நீங்களும் விக்கிறீங்கன்னு நேரா சொன்னீங்க, அதுக்கு நன்றி. ஆனா எதுக்கு விக்கணும்? எழுதிக் குடுத்துட்டா நாங்க கடையில வாங்கிக்க மாட்டோமா?

---

நெஞ்சு_மருத்துவர்_தேனி

நியாயமான கேள்வி. பத்து வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். கம்பம், போடியிலிருந்து வருகிறவர் மதுரைக்குப் போய்க் கடை தேட வேண்டும். பாதிப் பேர் போகவே இல்லை. போன சிலர் நான் எழுதிய, தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ மெஷினுக்குப் பதில் மலிவாக நிலையான அழுத்த மெஷினை வாங்கி வந்தார்கள், யாரும் அழுத்தத்தை அமைத்துக் கொடுக்கவில்லை. ஒருவர் அழுத்தத்தை மிகக் குறைந்த அளவான நான்கில் வைத்தபடியே எட்டு மாதம் போட்டிருந்தார். காற்று வருகிறது, நோய் அப்படியே இருக்கிறது.

அதன் பிறகு மூன்று மெஷின் சொந்தக் காசில் வாங்கி வைத்தேன். பத்து நாள் இரவல் கொடுப்பேன். ஒத்துவந்தால் டீலர் நேரடியாக அவர்கள் பெயரில் பில் போட்டு அனுப்புவார். என் பில்லில் வராது.

---

டெக்_தம்பி_சேலம்

டாக்டர் சார், கோவிச்சுக்காதீங்க. டீலர் நேரா பில் போட்டாலும் மாசக் கடைசியில கவர் வரும் இடங்களை நான் பார்த்திருக்கேன். உங்களைச் சொல்லல. பில் யார் பேர்லங்கிறதை வச்சு எதையும் சொல்ல முடியாது.

---

நெஞ்சு_மருத்துவர்_தேனி

சொல்லுங்கள், சொல்ல வேண்டியதுதான். எனக்குக் கவர் வருவதில்லை. ஆனால் அதை இந்த இழையில் உங்களுக்கு நிரூபிக்க என்னிடம் வழி இல்லை என்பதும் உண்மை.

---

சர்ஜிகல்_பாய்

டீலர் வந்துட்டேன். எல்லாரும் செருப்பைக் கீழ வைங்க.

மெஷின்ல மார்ஜின் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். 2021ல கொரோனா நேரத்துல ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்ல 198 சதவீதம் வரைக்கும் மார்ஜின் வச்சிருந்தாங்கன்னு மத்திய அரசே சொல்லி, 70 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டாங்க. அப்புறம் பல்ஸ் ஆக்சிமீட்டர், பிபி மெஷின், நெபுலைசர்னு அஞ்சு பொருளுக்கும் வந்துச்சு. அந்த லிஸ்ட்ல சிபாப் இல்ல. இருக்கிற எம்ஆர்பியை வருசத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாது, அவ்வளவுதான். மொதல்லயே பெரிய எம்ஆர்பியா பிரிண்ட் பண்ணிட்டா யார் என்ன கேக்குறது? அதனாலதான் பெட்டியில லட்சத்துக்கு மேல இருக்கும், "உங்களுக்காக 78" வரும்.

மீசை அண்ணே, மாடல் பேரைக் கேட்டு எழுதி வாங்கிக்கங்க. ஆட்டோவா, நிலையான அழுத்தமா, காத்துல ஈரம் சேர்க்கிற ஹியூமிடிபையர் சேர்த்தா, மாஸ்க் எந்த மாடல், எத்தனை வருச வாரண்டி. அதே மாடலை ரெண்டு கடையில விசாரிச்சாலே உங்களுக்கு வெளிச்சம் வந்துடும்.

புது மெஷின்னு குடுத்தா செட்டிங்ஸ்ல ஓடின மணி நேரம் எவ்வளவுன்னு காட்டச் சொல்லுங்க. வண்டிக்குக் கிலோமீட்டர் பார்க்குற மாதிரி. டெமோவுல 400 மணி நேரம் ஓடினதைப் புது ஸ்டிக்கர் ஒட்டித் தர்ற நம்மாளுங்களும் இருக்காங்க.

செகண்ட் ஹேண்ட்ல மலிவா வருதேன்னு தாவுறவங்களுக்கு: 2021 ஜூன்ல பிலிப்ஸ் கம்பெனி லட்சக்கணக்கான மெஷினைத் திரும்ப வாங்குச்சு. சத்தம் குறைக்க உள்ள வச்ச ஃபோம் பொடிஞ்சு காத்தோட மூச்சுக்குள்ள போகலாம்னு பிரச்சினை. 2024 ஜனவரியில அமெரிக்காவுல புது மெஷின் விக்கிறதையே நிறுத்திக்கிறதா சொல்லிட்டாங்க. அந்தப் பழைய மாடல் ஏதாவது ஆன்லைன்ல சுத்திட்டு இருக்கலாம். சீரியல் நம்பரைப் பார்க்காம வாங்காதீங்க.

---

ஓய்வு_வாத்தியார்_மதுரை

டீலர் தம்பி நேர்மையாகப் பேசுகிறார். ஒன்று கேட்கிறேன். என் கிளினிக் போல மூன்று மாஸ்க் மாற்றிக் கொடுப்பீர்களா?

---

சர்ஜிகல்_பாய்

ஐயா, சில்லறையா மாஸ்க் மட்டும் வாங்குறவருக்கு மாத்த மாட்டேன், மூஞ்சியில போட்டதை வேற யாருக்கு விக்கிறது? மெஷினோட வாங்குறவங்களுக்கு ஒரு தடவை. உங்க கிளினிக் மூணு தடவை மாத்துச்சுன்னா அந்த ஆறாயிரம் அதுக்குத்தான். இலவசம்னு எதுவும் இல்ல ஐயா.

---

ஓய்வு_வாத்தியார்_மதுரை

அதைத்தானே நானும் முதலில் சொன்னேன்!

---

மீசை_ஈரோடு

ஆறு நாள் கழிச்சு வர்றேன். வேலையில மார்ச் கணக்கு முடிக்கற நேரம்.

டாக்டர் ஐயா சொன்னபடி ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி, "எனது தூக்கப் பரிசோதனை அறிக்கையையும் மூலப் பதிவையும் வழங்கக் கோருகிறேன்"னு கையெழுத்துப் போட்டு, ரிசப்ஷன்ல குடுத்து நகல்ல சீல் கேட்டேன். சொசைட்டியில இருபத்தஞ்சு வருசம் இதே வேலைதானுங்களே. சீல் போடற பேச்சு வந்ததும் அந்தப் பொண்ணு உள்ள போயிட்டு வந்து, "சார், ரிப்போர்ட் ரெடியாத்தான் இருக்கு"ன்னு கையில குடுத்துட்டாங்க. மூலப் பதிவு பென்டிரைவ் கொண்டாந்தா தர்றோம்னாங்க, மறுநாள் அதையும் வாங்கிட்டேன்.

ரிப்போர்ட்டுல இருக்கறது: மொத்தத் தூக்கம் 310 நிமிசம். ஏஎச்ஐ 17. மல்லாந்து படுத்தது 190 நிமிசம், அப்ப 25. ஒருக்களிச்சது 120 நிமிசம், அப்ப வெறும் 4. ஆக்சிஜன் ஆகக் குறைஞ்சு எறங்கினது 84 சதவீதம் வரைக்கும். விதி 3 சதவீதம்னு அடியில பொடி எழுத்துல இருக்குது. பகல் தூக்கத்துக்கு எட்டுக் கேள்வி கேட்பாங்களே, அந்த எப்வொர்த் கணக்குல 24க்கு 15.

அடியில "ஆட்டோ சிபாப் பரிந்துரைக்கப்படுகிறது"ன்னு இருக்குது. ஒருக்களிச்சா 4ங்கறதைப் பத்தி அந்தத் தம்பி ஒரு வார்த்தை சொல்லலீங்க.

---

டெக்_தம்பி_சேலம்

நெனச்சேன். மல்லாந்து படுத்தா நாக்கும் அண்ணமும் பின்னால சரிஞ்சு அடைக்கிற ரகம் நீங்க. லேப்ல ஒயர் கழண்டுடும்னு பயந்து எல்லாரும் மல்லாந்தே படுப்பாங்க, நாங்களும் "ரொம்பப் புரளாதீங்க"ன்னு சொல்லுவோம். வீட்டுல நீங்க எப்படிப் படுப்பீங்க?

---

மீசை_ஈரோடு

சம்சாரத்தைக் கேட்டேன். பாதி ராத்திரி ஒருக்களிச்சு, விடியக்காலம் மல்லாந்துன்னு சொல்றாங்க. அவங்க உலுக்கறது எல்லாமே விடியக்காலந்தானாம்.

---

நெஞ்சு_மருத்துவர்_தேனி

இந்த எண்களை நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது, ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லலாம். முதுகில் டென்னிஸ் பந்து தைத்த பனியன் என்று பழைய வைத்தியம் ஒன்று உண்டு. இப்போது அதற்கு பெல்ட்டே வருகிறது. உங்கள் ரகத்துக்கு அது நன்றாக வேலை செய்யும், ஆனால் பாதிப் பேர் ஒரு மாதத்தில் கழற்றிப் போட்டுவிடுவார்கள். எடை ஐந்தாறு கிலோ குறைந்தால் மல்லாந்த கணக்கும் இறங்கும். கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பல் உபகரணமும் ஒரு வழி, அதைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்ய வேண்டும்.

உங்களுக்குப் பகல் தூக்கம் 15, அழுத்தம் அடங்கவில்லை, வண்டி ஓட்டுகிறீர்கள். அதனால் சிபாப் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் போட்டுப் பாருங்கள். அந்த மாத முடிவில் மெஷினின் எஸ்டி கார்டில் பதிவாகியிருக்கும் கணக்கை, மெஷின் விற்காத வேறு மருத்துவரிடம் காட்டுங்கள். தேனிக்கு வர வேண்டியதில்லை.

---

ஹூஸ்டன்_ஹரி

ஆஸ்கார் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, நோயாளிகளே சேர்ந்து வளர்த்தது. எஸ்டி கார்டைக் கணினியில் போட்டால் ஒவ்வொரு இரவும் காற்று எங்கே கசிந்தது, எப்போது மூச்சு நின்றது, அழுத்தம் எங்கே ஏறியது என்று வரைபடமாகக் காட்டும். விற்றவர் "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று போனில் சொல்லும்போது திறந்து வைத்துக்கொள்ளலாம்.

---

தூங்காநகரத்தான்

இந்த மெஷினைக் கண்டுபிடிச்சவர் 1980ல சிட்னியில வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி வச்சு, உறிஞ்சுறதுக்குப் பதிலா ஊத வச்சுத்தான் ஆரம்பிச்சாராம். காலின் சல்லிவன்னு பேரு. அதுக்கு 78,000! இனி எங்க வீட்டு வாக்குவம் கிளீனரை மரியாதையா பார்க்கிறேன்.

---

மீசை_ஈரோடு

வாடகைக்கு எடுத்தாச்சுங்க. ஈரோட்டுலயே ஒரு சர்ஜிகல் கடை, மாசம் 3,500, அட்வான்ஸ் 10,000. மாஸ்க் மட்டும் விலைக்கு, 4,800, மூக்கை மட்டும் மூடறது. கோயமுத்தூர்ல இருந்து மூணு தடவை போன் வந்துச்சு. கடைசித் தடவை விலை 61,000ன்னு எறங்கிடுச்சு. 78ல இருந்து 61! நான் வேற ஒண்ணுமே கேக்கலீங்க, சும்மா "யோசிக்கிறேன்"னுதான் சொன்னேன்.

முதல் நாலு ராத்திரி நிலவரம். தூங்கின நேரம் நல்லாத்தான் இருக்குது. நேத்து ஆபீஸ்ல மத்தியானம் கொட்டாவி விடல, எதிர் சீட்டு அம்மா "என்ன சார் உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டாங்க. ஆனா கசிவு. ஆஸ்கார்ல பார்த்தா ராத்திரி பூரா சிவப்புக் கோடு. கடைக்காரர் வந்து வாரை இறுக்கிப் பார்த்தாரு, தளர்த்திப் பார்த்தாரு, கடைசியா என் மூஞ்சியை உத்துப் பார்த்துட்டு, "அண்ணே, மீசைதான்"னுட்டாரு.

இது எங்க தாத்தா காலத்து மீசைங்க. மாஸ்க்கோட கீழ் விளிம்பு சரியா அது மேல உட்காருது, முடிக்கு நடுவுல காத்து போயிருது. சம்சாரம் கத்தரிக்கோலை எடுத்து அலமாரியில தயாரா வச்சிருக்காங்க.

---

ரோசாப்பூ_திண்டுக்கல்

அண்ணே!! எங்க வீட்டுக்காரருக்கும் மீசை இருக்கு. ரெண்டு வருசமா யாருமே இதைச் சொல்லலையே! இன்னைக்கே பீரோ மேலருந்து இறக்குறேன்.

---

டெக்_தம்பி_சேலம்

மீசையைத் தொடாதீங்க. மூக்குத் துளையில மட்டும் உட்கார்ற பில்லோ மாஸ்க் இருக்கு, மீசை மேல படாது. வாய் திறந்து தூங்காதவரா இருந்தா போதும். சின்னது, நடு, பெரிசு மூணு சைஸும் எங்கிட்ட கழுவி வச்சது இருக்கு. ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, சேலம் புது பஸ் ஸ்டாண்டுல எறங்கிப் போன் பண்ணுங்க. பொருந்துற சைஸைப் பார்த்துக்கிட்டு எங்க வேணா வாங்கிக்கங்க. அக்கா, நீங்களும் அண்ணனைக் கூட்டிட்டு வாங்க.

---

மீசை_ஈரோடு

பஸ்லதான் வர்றேன் தம்பி, டாக்டர் ஐயா வண்டி ஓட்ட வேண்டாம்னுட்டாரு. பத்தரைக்கு அங்க இருப்பேன். அடையாளம் சொல்ல வேண்டியதில்லைன்னு நினைக்கறேன்.